திரித்துவம் பற்றி யாராவது வாதத்துக்கு வந்தால் என்ன சொல்வீர்கள்?

கேள்வி இதுதான்: "கடவுள் ஒருவரே என்கிறீர்கள். அப்புறம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரைச் சொல்கிறீர்கள். இது முரண்பாடு என்று வாதிடுபவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வீர்கள்? ஐஸ், தண்ணீர், நீராவி உதாரணம் போதுமா?"

போதாது. அந்த உதாரணத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தென்மாவட்டத்துச் சபை ஒன்றில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு. ஒரு வருடம் அன்றைக்கு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், டிபன் டப்பாவில் ஐஸ்கட்டி, மூன்று எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கொண்டுபோனேன். ஒரே தண்ணீர், மூன்று நிலை என்று விளக்கி முடித்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், ஐஸ் உருகினாத்தானே தண்ணி? அப்போ இயேசு யோர்தான்ல ஞானஸ்நானம் எடுக்கும்போது வானத்துலருந்து பேசினது யாரு? புறா மாதிரி இறங்கினது யாரு?"

மத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். ஐஸ் உருகித் தண்ணீராகி, தண்ணீர் கொதித்து ஆவியாகும் கதை அங்கே செல்லாது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபேல்லியு என்பவர் போதித்ததாகச் சொல்லப்படுவது கிட்டத்தட்ட என் டம்ளர் பாடம்தான். ஒரே ஆள், மூன்று வேஷம். அப்படியானால் பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார்? சபை அதைத் தவறான போதனை என்று அப்போதே ஒதுக்கிவிட்டது. அந்தப் பையனுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. சுவிசேஷத்தை ஒழுங்காகப் படித்திருந்தான், அவ்வளவுதான்.

மற்ற உதாரணங்களும் இப்படித்தான். முட்டையில் ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு என்றால் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்குக் கடவுள் ஆகிவிடும். ஒரே மனிதர் ஒருவருக்கு அப்பா, ஒருவருக்கு மகன், ஒருவருக்குக் கணவர் என்றால் மறுபடியும் மூன்று வேஷம். சூரியனும் ஒளியும் என்பது கொஞ்சம் மேல். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுவே அதைப் பயன்படுத்தினார். அதில் அவர் காட்டிய ஒரு விஷயம்: ஒளி இல்லாமல் சூரியன் இருந்த நேரம் என்று ஒன்று இல்லை.  உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் அப்படி ஒரு விஷயத்தைக் காட்ட மட்டும் சொல்லுங்கள். முழுக் கடவுளையும் ஒரு முட்டைக்குள் அடைக்க வேண்டாம்.

வாதத்தில் நான் கைவிட்டது இன்னொன்றும் உண்டு: 1 யோவான் 5:7.

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜையில் ஒரு முஸ்லிம் தங்கை வேலை செய்கிறாள். மதிய சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஒருநாள் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்: "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் அவள் எங்கிருந்தோ கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தை வாங்கிவந்து என் பைபிளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். "அக்கா, இதுல அந்த வசனம் எங்க இருக்குன்னு காட்டுங்க." சாப்பாட்டு டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுத் தேடினேன். 7-ஆம் வசனம் இருந்தது. சாட்சிகள் மூன்று என்றும் இருந்தது. ஆனால் ஆவி, நீர், இரத்தம் என்பவைதான் அந்த மூன்று. பிதாவும் வார்த்தையும் அங்கே இல்லை.

வீட்டுக்குப் போய் விசாரித்துப் படித்தேன். அவள் சொன்னது சரி. அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. லத்தீன் வழியாக உள்ளே வந்தது. டச்சு அறிஞர் எராஸ்முஸ் 1516-ல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. அந்த வரியோடு கிரேக்கப் பிரதி ஒன்று கொண்டுவரப்பட்ட பிறகு, 1522-ஆம் வருடத்து மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிகளின் பைபிளுக்குள் போனது, நம் பழைய தமிழ் வேதாகமம் உட்பட. இதில் என் மனதில் பட்ட விஷயம் வேறு. குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவை எதிர்த்து வருடக்கணக்காக வாதாடிய ஆதிச்சபையின் கிரேக்க ஆசிரியர்கள் யாருமே அந்த வசனத்தைக் காட்டவில்லை. அது இல்லாமலேதான் வாதாடினார்கள். அப்படியானால் நமக்கும் அது தேவையில்லை.

சரி, அவர்கள் எதை வைத்து வாதாடினார்கள்?

318 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற மூப்பர், குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். "அவர் இல்லாதிருந்த காலம் உண்டு" என்பது அவர் தரப்பின் வாசகம். ஆரியுவை வில்லனாகச் சித்தரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். கையில் வசனமும் வைத்திருந்தார். நீதிமொழிகள் 8:22-ல் ஞானம் தன்னைப் பற்றிச் சொல்வது அன்றைய கிரேக்க மொழிபெயர்ப்பில் "கர்த்தர் என்னைப் படைத்தார்" என்றே இருந்தது. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று யோவான் 14:28 இருந்தது.

அத்தனாசியு எண்ணிக்கையில் இறங்கவில்லை. நீங்களும் கிறிஸ்துவைத் தொழுகிறீர்கள், அவர் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள். அவர் படைப்பு என்றால் நீங்கள் செய்வது படைப்பை வணங்குவதல்லவா என்று திருப்பிக் கேட்டார். படைப்பு ஒன்று இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்க்க முடியாது என்றார். எனக்கு இதுதான் மையம். முதலில் ஒரு சூத்திரத்தை எழுதிவிட்டு அதற்காக யாரும் தொழவில்லை. தொழுகை முதலில் வந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துச் சீடன் தோமா, "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றது முதலில். 112 வாக்கில், இன்றைய துருக்கியில் இருக்கும் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசர் திராஜானுக்குக் கடிதம் எழுதினார். இருநூறு வருடம் கழித்து, 325-ல், ஆரியுவின் போதனையை விசாரிக்கப் பேராயர்களின் சங்கம் கூடிய நிசேயா அதே பித்தினியாவில்தான் இருக்கிறது. கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் நாம் இவரை ஏன் தொழுகிறோம் என்ற கேள்விக்கு அவர்கள் தேடிய பதில்தான் "பிதாவோடு ஒரே தன்மையுடையவர்" என்ற வரி.

"இதெல்லாம் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அரசியலுக்காகத் திணித்தது" என்று ஒரு வாதம் இணையத்தில் எல்லா இடத்திலும் வருகிறது. சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 335-ல் அத்தனாசியுவை நாடுகடத்தியவரும் அதே கான்ஸ்டன்டைன். 337-ல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுவின் பக்கம் நின்ற நிக்கொமேதியா பேராயர் யூசேபியு. கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டன்டியு காலத்தில் அரண்மனை முழுக்க ஆரியுவின் பக்கச் சார்பு. அத்தனாசியு மொத்தம் ஐந்து முறை ஊரைவிட்டு விரட்டப்பட்டார். அரண்மனை மட்டுமே முடிவு செய்திருந்தால் ஆரியு அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? விவாதம் 381 கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் வரை இழுத்தது. நிசேயாவின் அறிக்கையில் பரிசுத்த ஆவியைப் பற்றி "பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்" என்ற அளவுதான் இருந்தது. பிதாவோடும் குமாரனோடும் சேர்த்துத் தொழப்படுகிறவர் என்ற பகுதி 381-ல் வந்தது.

தமிழில் வாதாடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்கிறது யோவான் 10:30. "ஒருவராயிருக்கிறோம்" என்று இல்லை. மூலக் கிரேக்கத்திலும் அஃறிணைச் சொல்தான்: "ஹென்", அதாவது ஒன்று. ஒருவர் என்று சொல்ல "ஹெய்ஸ்" என்ற சொல் இருந்தும் அது வரவில்லை. லத்தீனில் எழுதிய சபை ஆசிரியர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். பேசுகிறவர் ஒருவர், பிதா இன்னொருவர், வினைமுற்று பன்மை, நடுவில் "ஒன்று". எழுவாயையும் பயனிலையையும் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது உடனே புரியும். ஆனால் இதை வைத்து மிகைப்படுத்தாதீர்கள். யோவான் 17-ல் சீடர்களும் "ஒன்றாயிருக்கும்படி" இயேசு ஜெபிக்கிறார், அங்கேயும் அதே "ஹென்". எதிரில் இருப்பவர் அதை எடுத்துக் காட்டுவார், காட்டவும் வேண்டும். பிதாவும் குமாரனும் ஒரே ஆள் அல்ல என்பது வரைதான் 10:30 உதவும்.

"ஆள்" என்று எழுதிவிட்டேன், இந்தச் சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. சபையில் ஆள்தத்துவம் என்போம். கேட்பவர் காதில் அது ரேஷன் கார்டில் மூன்று பெயர் இருப்பதுபோல விழுகிறது. மூன்று பேருக்கும் மனிதத் தன்மை ஒன்றே, ஆனாலும் அவர்கள் மூன்று மனிதர்கள். அப்படியானால் தெய்வத் தன்மை ஒன்றே உள்ள மூவர் மூன்று தெய்வங்கள் அல்லவா? எனக்குத் தெரிந்து மிகக் கடினமான கேள்வி இதுதான். நான்காம் நூற்றாண்டுப் பேராயர் நிசாவின் கிரகோரி இதற்கென்றே ஒரு பதில் எழுதினார். மூன்று மனிதர்கள் ஒரே தொழில் செய்தாலும் தனித்தனியாகத்தான் செய்கிறார்கள்; பிதா, குமாரன், ஆவியின் செயலோ பிதாவிடம் தொடங்கி, குமாரன் வழியாக, ஆவியில் நிறைவேறும் ஒரே செயல் என்றார். நல்ல பதில். கேள்வியை முழுசாக அடைத்துவிடும் பதில் என்று சொல்ல மாட்டேன். மாற்கு 13:32-ம் அப்படியே: அந்த நாளையும் நாழிகையையும் "குமாரனும் அறியார்". மனிதனாக அறியவில்லை என்று அத்தனாசியு விளக்கினார். அதை ஏற்கிறேன், ஆனாலும் அந்த வசனம் என்னை உறுத்துகிறது. விவாதத்தில் இதை மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

மும்மூர்த்தி மாதிரிதானே என்று கேட்பவர்களுக்கும் கிரகோரியின் பதிலே உதவும். அங்கே படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் பிரிகிறது. இங்கே பிரிவதில்லை. இந்திய மரபிலிருந்து நெருங்கி வந்தவர்கள் சத், சித், ஆனந்தம் (இருப்பு, அறிவு, பேரின்பம்) என்ற வழியைத்தான் எடுத்தார்கள். 1950-ல் குளித்தலை பக்கம் காவிரிக்கரையில் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கிய சாந்திவனத்துக்குச் சச்சிதானந்த ஆசிரமம் என்ற பெயர் அதனால்தான்.

திரித்துவம் என்ற சொல்லே பைபிளில் இல்லை என்பார்கள். இல்லைதான்.

அந்த இரண்டு பைபிள் சம்பவத்துக்குப் பிறகு, அந்த வசனத்தை நான் இனி சொல்ல மாட்டேன் என்று தங்கையிடம் ஒத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கள் பேச்சே மாறிவிட்டது. தோமா சொன்னதை, பிளினி எழுதியதை, அத்தனாசியு கேட்டதைப் பல மதியங்களில் சொன்னேன். அவள் குர்ஆனில் உள்ளதைச் சொன்னாள். ஈசா நபி என்று இயேசுவை அவள் எவ்வளவு மரியாதையோடு சொல்கிறாள் என்பதையும் கவனித்தேன். கடைசியில் ஒருநாள் சொன்னாள்: "நீங்க மூணு கடவுளைக் கும்பிடலைன்னு ஒத்துக்கறேன்க்கா. ஆனா ஈசா நபியைத் தொழறது சரின்னு என்னால ஒத்துக்க முடியாது. அல்லாஹ்வைத் தவிர யாரையும் தொழக்கூடாது."

"படைக்கப்பட்டவரைத் தொழக்கூடாதுன்னு நானும்தான் சொல்றேன்" என்றேன்.

"அப்போ நமக்குள்ள கேள்வி எண்ணிக்கை இல்ல. அவர் யாருங்கறதுதான்."

ஆமாம் என்றேன்.