கட்டிலுக்கு அடியில் போனவனை இழுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் நாய் பிரவுனிக்கு ஏழு வயது, சிப்பிப்பாறை கலப்பு. ஐந்து வயது வரை பட்டாசுக்குப் பெரிதாகப் பயந்ததில்லை. இரண்டு வருடமாக ஒரு சரவெடி கேட்டாலே நடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். போன தீபாவளிக்கு காம்பவுண்டு சுவரைத் தாண்டி ஓடி, மறுநாள்தான் கிடைத்தான். 'தடவிக் கொடுத்தால் இன்னும் பயந்தாங்கொள்ளி ஆகிவிடும், வெளியே கட்டிப் போடு, தானாகப் பழகும்' என்கிறார் மாமனார். தெரிந்தவர் ஒருவர் தூக்க மாத்திரை கொடுக்கச் சொல்கிறார். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்? (மதுரை வாசகி)

பதில்: இரண்டு மாதம் இருக்கும்போதே கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலும் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரிதான் எனக்கு போன் வரும். அப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

மாமனார் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஊரில் பாதிப் பேர் நம்புவது அதைத்தான். தடவிக் கொடுப்பதால் பயம் வளராது. 'உட்கார்' என்றதும் உட்காருவது கற்றுக்கொண்ட பழக்கம், பிஸ்கட் கொடுத்தால் அது கூடும். பயம் அப்படி இல்லை, உடம்புக்குள் தானாக எழுவது. இடி இடிக்கும்போது அம்மா அணைத்துக்கொண்டதால் எந்தப் பிள்ளைக்கும் பயம் அதிகமானதில்லை. பிரவுனி வந்து உங்கள் காலோடு ஒட்டி நின்றால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால், அது அவனாகத் தேடிக்கொண்ட இடம், அங்கேயே விடுங்கள். பாதிப்பைக் கொண்டுவருவது வெளியே கட்டிப் போடுவதுதான். தப்பிக்க வழியில்லாமல் சத்தத்துக்குள் மாட்டிக்கொண்ட நாய் பழகுவதில்லை, அடுத்த வருடம் இன்னும் சின்னச் சத்தத்துக்கே மிரளும். சங்கிலி கழுத்தை இறுக்கும் ஆபத்தும் உண்டு. மொட்டை மாடியில் விட்டுக் கதவைச் சாத்துவது அதைவிட மோசம், பயத்தில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்துவிடும்.

நீங்கள் எழுதியதில் நான் இரண்டு முறை படித்த வரி, 'ஐந்து வயது வரை பயந்ததில்லை' என்பது. குட்டியிலிருந்தே பயப்படும் நாய் வேறு, நடு வயதில் திடீரென்று பயப்படத் தொடங்கும் நாய் வேறு. இரண்டாவது வகையில் நான் முதலில் தேடுவது வலியை. இடுப்பிலோ முதுகிலோ மூட்டிலோ வலி இருக்கும் நாய், சத்தம் கேட்டுத் திடுக்கிடும்போது உடம்பு இறுகி, வலி சுருக்கென்று கூடுகிறது. சத்தம் என்றால் வலி என்று மனதில் பதிந்துவிடுகிறது. இங்கிலாந்திலும் பிரேசிலிலும் உள்ள ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும், சத்தத்துக்குப் பயப்படும் நாய்களில் வலி ஒளிந்திருக்கலாம் என்றே சொன்னது. சுவரைத் தாண்டியவனுக்கா வலி என்று நினைக்க வேண்டாம், பயத்தில் ஓடும்போது வலி தெரியாது. காலையில் எழுந்ததும் முதல் நாலு அடியைக் கவனியுங்கள். பின்னங்கால் விறைப்பாக இருக்கிறதா? சோபாவில் ஏறுவதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறானா? ஒரே மூட்டை நக்கிக்கொண்டே இருக்கிறானா? எப்படி இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி மூட்டுகளையும் காதையும் பார்த்துவிடுங்கள். வலி இருந்தால் அதற்கு மருந்து கொடுக்காமல் வேறு எதைச் செய்தாலும் முழுப் பலன் இருக்காது.

அப்புறம் பயிற்சி. பட்டாசுச் சத்தப் பதிவு ஒன்றை எடுத்து, அவன் காதை மட்டும் லேசாகத் திருப்பும் அளவுக்கு மெதுவாக வையுங்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. வரிசை முக்கியம்: முதலில் சத்தம், பிறகு ஈரல். மாற்றிக் கொடுத்தால் ஈரலைப் பார்த்தே பயப்படக் கற்றுக்கொள்வான். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். உதட்டை நக்குவது, தூக்கக் கலக்கம் இல்லாமலேயே கொட்டாவி விடுவது, ஓடாமலேயே மூச்சிரைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது இவையெல்லாம் சத்தம் கூடிவிட்டது என்பதற்கு அடையாளம். உடனே குறையுங்கள். சில நாட்களுக்கு ஒரு முறைதான் ஒலியைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். தெருவில் நிஜப் பட்டாசு தொடங்கியதும் பதிவை நிறுத்திவிடுங்கள்.

ஆனால் ஈரலை நிறுத்தாதீர்கள். நிஜ வெடிக்கும் அதே முறைதான்: 'டமார்' என்றதும் நீங்கள் சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்லி ஒரு துண்டு போடுங்கள். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 1,200-க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களைக் கேட்டு 2020-இல் வெளியிட்டதில், இப்படிச் செய்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேலானோர் பலன் இருந்தது என்றார்கள். எனக்கும் இதில்தான் நம்பிக்கை அதிகம். தின்ன மறுத்தால் பயம் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம், வற்புறுத்த வேண்டாம். தீபாவளி லட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கி வருகிறார்கள். நடப்பில் விடிகாலை நாலு மணிக்கே தெரு அதிரும் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் நீண்ட நடை கூட்டிப்போய் வந்துவிடுங்கள். தீபாவளியன்று மத்தியானம் தெரு ஓயும் நேரம் பார்த்து ஒரு முறை. எப்போதும் வாரோடுதான், கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரோடுதான். பலகாரம் கொடுக்க வருபவர்கள் கேட்டைத் திறந்து போடும் நாள் அது. எனவே அவன் இருக்கும் அறைக்கும் கேட்டுக்கும் நடுவே இன்னொரு மூடிய கதவு இருக்கட்டும். அந்தக் கட்டில் இருக்கும் அறையையே தயார் செய்யுங்கள்: ஜன்னலைச் சாத்தித் தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, உங்கள் பழைய சேலையைக் கட்டிலுக்கு அடியில் விரித்து, மின்விசிறியோடு டிவியும் ஓடட்டும். காதில் பஞ்சு அடைக்காதீர்கள், உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மயக்கத்துக்காகப் பல காலமாகக் கொடுத்து வரும் அசிப்ரோமசின் மருந்தை மட்டும் கொடுத்தால் உடம்பு தளர்ந்து கிடக்கும், பயம் அப்படியே இருக்கும். பார்ப்பவருக்கு நாய் அமைதியாகத் தெரியும். உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுந்து ஓடவும் முடியாமல் கிடக்கும் அதன் நிலையை நினைத்தால் எனக்கு மனது தாங்காது. பதற்றத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன, கேபாபென்டின், டிராசோடோன் போன்றவை. சுவர் தாண்டி ஓடிய நாய்க்கு இவற்றைத் தயங்காமல் மருத்துவரிடம் கேட்பதுதான் சரி. அளவை எடையும் சிறுநீரகமும் கல்லீரலும் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான கேபாபென்டின் திரவ மருந்து சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது விஷம். முதல் முறை கொடுப்பதைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளாமல், ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். தீபாவளியன்று முதல் வெடிக்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். நடுங்கத் தொடங்கியபின் கொடுத்தால் வேலை செய்வது குறைவு.

தீபாவளி முடிந்ததும் வாரை அவிழ்த்து விட்டுவிடாதீர்கள், மிச்சப் பட்டாசு இரண்டு மூன்று நாள் வெடித்துக்கொண்டே இருக்கும். தெருவில் கிடக்கும் வெடிக்காத பட்டாசையும் மருந்துத் தாளையும் மோந்து தின்னவும் விடாதீர்கள். தின்றுவிட்டால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.