ரீஸ்டார்ட் கொடுத்தால் வருகிறதா? அப்படியானால் கார்டு நன்றாகவே இருக்கிறது

கேள்வி: 2020-இல் வாங்கிய லேப்டாப்பில் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்றதால் போன மாதம் 11-க்கு மாற்றினேன். அன்று முதல், மூடி வைத்துத் திறந்தால் வைஃபை இருந்த இடத்தில் ஓர் உலக உருண்டைதான் தெரிகிறது. ராத்திரி ஷட் டவுன் செய்து காலையில் போட்டாலும் சில நாள் வராது. ரீஸ்டார்ட் கொடுத்தால் உடனே வந்துவிடுகிறது. பையில் வைத்து எடுத்துப்போனால் கொதிக்கிறது. கடையில் கேட்டால், வைஃபை கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா, ஐயா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. செத்துப்போன கார்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் பிழைத்து வராது. கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

ஷட் டவுனில் வராதது ரீஸ்டார்ட்டில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே ஷட் டவுன் என்றால் முழுசாக அணைவதில்லை. திறந்திருக்கும் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உட்கருவையும் ட்ரைவர்கள் (கார்டு போன்ற பாகங்களை இயக்கும் சின்ன புரோகிராம்கள்) இருந்த நிலையையும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. வைஃபை ட்ரைவர் ராத்திரி முரண்டு பிடித்திருந்தால் அந்த முரண்டும் சேர்ந்தே வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது. இதற்குப் பெயர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தைத் திறங்கள். மங்கலாக இருக்கும் அமைப்புகளை மாற்ற மேலே ஒரு வரி இருக்கும், அதைத் தொட்டபின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் எழும்ப இன்னும் சில விநாடி ஆகும், அவ்வளவுதான்.

இது காலை நேரத் தொல்லைக்கு மட்டும். மூடித் திறக்கும்போது வருவதற்கு ட்ரைவரைத்தான் பார்க்க வேண்டும். தூங்கும்போது மின்சாரத்தை மிச்சம்பிடிக்க விண்டோஸ் வைஃபை கார்டை அணைக்கிறது. விழித்ததும் அதை மறுபடி எழுப்புவது ட்ரைவரின் வேலை. மேம்படுத்தும்போது உங்கள் லேப்டாப்புக்கென்று வந்த ட்ரைவர் போய், பொதுவான ஒன்று உட்கார்ந்திருக்கலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் உங்கள் வைஃபையைத் திறங்கள். ட்ரைவர் தாவலில் 'ரோல் பேக்' (பழைய ட்ரைவருக்கே திரும்பும்) பட்டன் மங்காமல் இருந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். மங்கியிருந்தால் லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து விண்டோஸ் 11-க்கான வைஃபை ட்ரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்காதீர்கள்: போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி, போனின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போட்டால் போதும். 'எல்லா ட்ரைவரையும் ஒரே கிளிக்கில்' என்று விளம்பரம் செய்யும் சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்.

அதே ஜன்னலில் பவர் மேனேஜ்மென்ட் தாவல் இருந்தால், இந்தச் சாதனத்தைக் கம்ப்யூட்டர் அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுங்கள். தாவலே இல்லையென்றால் உங்களுடையது மாடர்ன் ஸ்டாண்ட்பை ரகமாக இருக்கலாம். போன் மாதிரி, திரை அணைந்தபின்னும் உள்ளே அரைத்தூக்கத்தில் இருக்கும். பையில் கொதிப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும், சூடும் இருக்காது.

பழைய விண்டோஸுக்கே திரும்பலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கதவு சாதாரணமாக 10 நாள்தான் திறந்திருக்கும், உங்களுக்கு மூடியாயிற்று. அங்கே 2025 அக்டோபர் 14-உடன் இலவச ஆதரவும் முடிந்துவிட்டது.

கேள்வி: விண்டோஸ் 11 போட்டபின் எங்கள் டெஸ்க்டாப் நடுராத்திரியில் தானாக எழுந்து வெளிச்சம் போடுகிறது. அம்மா பயப்படுகிறார்.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எழுப்பியது யார் என்று கம்ப்யூட்டரே பெரும்பாலும் சொல்லும். காலையில் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி லாஸ்ட்வேக் என்று கொடுங்கள் (powercfg /lastwake). அங்கே நெட்வொர்க் கார்டின் பெயர் வந்தால், அதன் பவர் மேனேஜ்மென்டில் 'மேஜிக் பாக்கெட்' (எழுப்பவென்றே நெட்வொர்க்கில் அனுப்பும் சிக்னல்) வந்தால் மட்டும் எழுப்பு என்பதை டிக் செய்யுங்கள். டைமர் என்று வந்தால் அது பெரும்பாலும் அப்டேட் வேலை. பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் பகுதியில் வேக் டைமர்ஸை டிஸேபிள் செய்துவிடுங்கள். மவுஸ் என்று வந்தால் மேஜைமேல் பூனை நடமாட்டம் உண்டா என்று பாருங்கள்.