மலை ரயிலில் தீரும் சார்ஜ்: டாக்பேக்கைக் குறை சொல்லாதீர்கள்

மலை ரயிலில் சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது, டாக்பேக்கை (பார்வையற்ற நமக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு போன் வசதி) நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். நிறுத்த வேண்டாம், திரையை மறையுங்கள். மூன்று விரல்களால் ஒருமுறை தட்டினால் டாக்பேக் மெனு வரும். அதில் ‘திரையை மறை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேச்சு தொடரும், வெளிச்சம் மட்டும் போய்விடும். நமக்கு அந்த வெளிச்சம் எதற்கு?

ஆனால் செங்கோட்டையில் ஏறிப் புனலூரில் இறங்குவதற்குள் பாதி சார்ஜ் தீர்கிறது என்கிறீர்களே, அங்கே எனக்குச் சந்தேகம் சிக்னல்மீதுதான். மலைக்குள் சிக்னல் நலிந்தால் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே களைத்துவிடும்.

சோதித்துப் பாருங்கள்: பகவதிபுரத்தில் சதவீதத்தைக் கேட்டுவிட்டு விமானப் பயன்முறையைப் போடுங்கள். ஆரியங்காவு குகையெல்லாம் தாண்டி, தென்மலையில் மறுபடி கேளுங்கள். வழக்கத்தைவிடக் குறைவாக இறங்கியிருந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் அழைப்பு எதுவும் வராது, வீட்டில் சொல்லிவையுங்கள். டாக்பேக் பேசும் குரலையும் முன்பே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, திரை மறைந்த போனை அவசரத்துக்குப் பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டாதீர்கள். என்னுடையதை ஒருவர் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, விடாமல் பொத்தானை அழுத்தி அணைத்தே விட்டார்.