ரோமானிய ஆட்சியில் மலை ஊர்கள் மாறினவா? லாஸ் மெதுலாஸ் காட்டும் பதில்

கேள்வி: ரோமானியர் ஆண்ட மாகாணங்களில் சாதாரண ஊர்மக்களின் வாழ்க்கை உண்மையிலேயே மாறியதா, வரி மட்டும்தான் புதிதா? எதையும் எழுதிவைக்காத மக்களைப் பற்றி இதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

தலைகீழாக மாறியது. ஆனால் வீட்டுச் சுவர்களையும் பானை ஓடுகளையும் மட்டும் பார்த்தால் அது முழுமையாகத் தெரியாது. ஊர் எங்கே அமைந்திருக்கிறது, எதை நம்பிப் பிழைத்தது என்று பார்க்க வேண்டும். நான் தொல்லியல் படித்தவன் இல்லை. நில அளவை என் தொழில். அதனாலோ என்னவோ, இந்தக் கேள்விக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் லாஸ் மெதுலாஸ் தங்கச் சுரங்கப் பகுதி.

முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் படைகள் கி.மு. 19 வாக்கில் இப்பகுதியை முழுதாக அடக்கின. அதற்கு முன் இங்கிருந்த அஸ்தூரியர்கள் குன்றுகளின் மேல், மதிலும் அகழியும் சூழ்ந்த சிற்றூர்களில் வாழ்ந்தார்கள். இவற்றைக் காஸ்ட்ரோ என்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்றான கொரோனா தே கொர்போராலெஸில் நடந்த அகழாய்வில், குடும்பத்துக்குக் குடும்பம் வீடும் தானியக் கிடங்கும் தனித்தனியே இருந்தன. ஊரையே ஆள்பவருடையது என்று சொல்லும்படியான மாளிகை எதுவும் இல்லை. சுற்றியுள்ள வயலும் மேய்ச்சலும் ஊருக்குப் போதும். பக்கத்து ஊரின் தயவு தேவையில்லை.

ரோமானியர் வந்த பிறகும் பலர் அதே மாதிரிக் குன்றுகளில், கல் வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். ரோமானிய வாழ்க்கையின் அடையாளமான மொசைக் தரையையும் குளியல் கூடத்தையும் தேடிப் போகிறவர் “இங்கே ஒன்றும் மாறவில்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். நிலத்தோற்றத் தொல்லியலாளர்கள் வேறு வழியில் போனார்கள். வான்வழிப் படங்களை வைத்தும் கால்நடையாகத் தேடியும் அந்த வட்டாரத்தின் எல்லாக் குடியிருப்புகளையும், மண்வளம், வாய்க்கால், சுரங்கம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தார்கள். அதில்தான் குட்டு வெளிப்பட்டது. சில ஊர்கள் நல்ல விளைநிலத்தில் இருக்கின்றன. சில, உழவுக்கு ஆகாத சரிவில் சுரங்கத்தை ஒட்டி முளைத்திருக்கின்றன. ஒரெயான் என்ற காஸ்ட்ரோவில் இரும்பு வேலை நடந்திருக்கிறது. தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்ட ஊர் போய், ஒன்றுக்கு மற்றொன்று தேவைப்படும் ஊர்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் நடுவில் தங்கம்.

அந்தத் தங்கத்தை எடுத்த முறையைக் கி.பி. 70களில் இதே மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். மலைக்குள் குடைந்து குடைந்து, கடைசியில் மலையையே இடிந்து விழச் செய்வார்கள். பிறகு தேக்கிவைத்த நீரைத் திறந்துவிட்டு மண்ணை அடித்துக்கொண்டு போகச் செய்வார்கள். உள்ளே இருப்பவர்கள் மாதக்கணக்கில் பகலையே பார்க்க மாட்டார்களாம். நீர், தொலைவில் உள்ள மலைகளிலிருந்து, பாறையில் வெட்டிய வாய்க்கால்களில் வந்தது. மொத்த நீளம் 100 கிலோமீட்டருக்கும் மேல். இன்றைய கருவிகள் இல்லாமல் அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், தொழில்முறையில் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. கழுவிய மண் பள்ளத்தாக்கின் வாயை அடைத்ததில் கருசேதோ என்று ஓர் ஏரியே உண்டாகிவிட்டது.

சரி, தோண்டியது யார்? அடிமைகள் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். தென்கிழக்கு ஸ்பெயினின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு அது பொருந்தும். இங்கே ஆய்வாளர்கள் வேறு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதே காஸ்ட்ரோ ஊரார், பேரரசுக்குச் செலுத்த வேண்டிய திறையை உழைப்பாகச் செலுத்தியவர்கள்.

ஊர்களை அரசு எப்படிக் கையாண்டது என்பதற்கு ஒரு நேரடிச் சான்றும் உண்டு. 1999இல் இதே வட்டாரத்தின் பெம்பிப்ரே அருகே கிடைத்த வெண்கலப் பட்டயம், கி.மு. 15இல் அகஸ்டஸ் இட்ட ஆணை. மற்றவர்கள் எதிர்த்தபோது விசுவாசமாக இருந்த ஒரு சுசர்ரி இன ஊருக்கு இறையிலி, அதாவது வரிவிலக்கு, கொடுக்கிறார். அதன் நிலத்தையும் உறுதிசெய்கிறார். அந்த ஊர் செய்ய வேண்டிய கடமைகளை வேறோர் ஊர் தலையில் கட்டுகிறார். கணக்கு குறையக் கூடாது, அவ்வளவுதான். என் பார்வையில் இந்தப் பட்டயத்தின் கொடுமை தண்டனையில் இல்லை, பரிசில் இருக்கிறது. விசுவாச ஊரும் அன்று முதல் தன் முன்னோர் நிலத்தைப் பேரரசர் கொடுத்ததாகத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது.

ரோமானியர் இதற்கு இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், அவர்களுடைய நாணய முறையே ஔரியஸ் என்ற தங்க நாணயத்தில் நின்றதுதான். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் புதையலாகக் கிடைத்த 501 நாணயங்களும் அதே வகை.

கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நின்றன. சுரங்கத்துக்காகவே முளைத்த ஊர்கள் ஆளில்லாமல் போயின. சுரங்கத்தைத் தவிர அங்கே குடியிருக்க வேறு காரணமே இருந்ததில்லை.