பேரியாட்ரிக் க்ளெய்ம் ரிஜெக்ட் ஆகிவிட்டதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எடைக் குறைப்பு (பேரியாட்ரிக்) அறுவை சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று பலரும் இன்னும் நம்புகிறார்கள். நிராகரிப்புக் கடிதம் வந்ததும் "அப்படித்தான் சொன்னாங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது உண்மையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, பாலிசி எவற்றுக்குப் பணம் தராது என்ற விலக்குகளை 2019 செப்டம்பரில் தரப்படுத்தியபோது, உடல் பருமன் சிகிச்சைக்கு எக்ஸ்க்ளூஷன் கோட் 06 என்ற பிரிவை வகுத்தது. அதிலுள்ள நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறினால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. நிபந்தனைகள் நான்கு: மருத்துவரின் ஆலோசனை, ஏற்கப்பட்ட மருத்துவ நெறிமுறைப்படியான அறுவை சிகிச்சை, 18 வயது நிறைவு, பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்) 40 அல்லது அதற்கு மேல். பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல், 40க்குள் இருந்தால், எளிய வழிகளில் எடை குறையாமல் போயிருக்க வேண்டும். அதோடு பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது), கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பத்தியைச் சுற்றியே இருக்கின்றன.

என் உயரம் 160 செ.மீ. முதல்முறை டாக்டரைப் பார்த்தபோது எடை 104 கிலோ. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் திரவ டயட்டில் இருக்கச் சொன்னார்கள். அட்மிட் ஆன அன்று 99 கிலோ. "பிஎம்ஐ 38.7தான், 40 இல்லை" என்று க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். எனக்குச் சர்க்கரை, இதய நோய் எதுவும் இல்லை. – மதுரை வாசகி

மனம் தளர வேண்டாம், வாதாட இடமுள்ள நிராகரிப்பு இது. கணக்கைப் பாருங்கள். 1.60 மீட்டரின் வர்க்கம் 2.56. அதனால் 104 கிலோவை வகுத்தால் 40.6 வரும். 99 கிலோவை வகுத்தால் 38.7 வரும். இரண்டு எண்களும் சரியானவையே. எந்தத் தேதியின் எண்ணை எடுப்பது என்பதுதான் வழக்கு.

அந்த இரண்டு வார டயட் ஆபரேஷனின் ஒரு பகுதி. கல்லீரலின் இடது மடல் இரைப்பையை மூடிக்கொண்டு இருக்கும். கலோரியைக் கடுமையாகக் குறைத்தால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் கிளைகோஜெனும் வடிந்து அது சுருங்கும்; லேப்ராஸ்கோப் கருவிகள் இரைப்பையை எட்ட இடம் கிடைக்கும். டாக்டர் சொன்னதைக் கேட்டு நடந்ததற்காக உங்கள் தகுதி போய்விட்டது என்று சொல்வது நியாயமே இல்லை. பாலிசி வாசகத்தில் "அட்மிட் ஆகும் நாளின் பிஎம்ஐ" என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதையே எழுதுங்கள். வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படும்போது, அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவும் பாலிசிதாரருக்குச் சாதகமாகவும் பொருள்கொள்வது நம் நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை.

சர்ஜனிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் முதல் ஆலோசனைத் தேதி, அன்றைய உயரம், எடை, பிஎம்ஐ, அறுவை சிகிச்சையை முடிவு செய்த தேதி, டயட் எழுதிக்கொடுத்த தேதி, அதற்கான காரணம் எல்லாம் இருக்க வேண்டும். ஓபி சீட்டையும் டயட் தாளையும் இணையுங்கள். உங்கள் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் முடிவு செய்த நாளில் என் பிஎம்ஐ 40.6 (இணைப்பு 1). அதன்பின் 14 நாள் குறை கலோரி உணவை அவரே பரிந்துரைத்தார் (இணைப்பு 2). அட்மிஷனின்போது இருந்த எடை அந்தப் பரிந்துரையின் விளைவு. பிஎம்ஐ எந்த நாளில் அளக்கப்பட வேண்டும் என்று கோட் 06 கூறவில்லை. ஆகவே நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்."

இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டம், கடன் எல்லாம் எழுதினால் கேட்பவர் மனம் இளகலாம். ஆனால் கோட் 06க்கு அது பதில் ஆகாது.

இன்னொன்று, உயரத்தையும் சரிபாருங்கள். செருப்போடு நிறுத்தி 163 என்று குறித்துவிட்டால் அதே 104 கிலோ 39.1 ஆகிவிடும். மூன்று சென்டிமீட்டரில் ஒரு க்ளெய்ம் போய்விடும்! அப்படி இருந்தால் வெறுங்காலில் மறுபடி அளந்து, தேதியிட்ட திருத்தச் சான்று வாங்குங்கள். பழைய சீட்டில் எண்ணை அடித்துத் திருத்த மட்டும் விடாதீர்கள். அது மோசடியாகப் பார்க்கப்படும், நியாயமான க்ளெய்மும் கெட்டுவிடும்.

பிஎம்ஐ 36. பத்து வருடமாகச் சர்க்கரை. ஹெச்பிஏ1சி 9.4 இருந்தது, ஆபரேஷனுக்கு முன் 7.1. "சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, டயட் முயற்சிக்கும் ஆதாரம் இல்லை" என்று இரண்டு காரணம் சொல்கிறார்கள். – கோவை வாசகர்

இரண்டு காரணத்துக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

முதலாவது. மயக்க மருந்துக்கும் புண் ஆறுவதற்கும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஆபரேஷனுக்கு முன் இன்சுலின் அளவைக் கூட்டிச் சர்க்கரையை இறக்குவது வழக்கம். ஹெச்பிஏ1சி கடைசி இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி என்பதால் அந்த இறக்கம் அதில் தெரியும். அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பினால் நீங்கள் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். முந்தைய ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, பக்கத்திலேயே அப்போது எடுத்துக்கொண்ட மருந்துகளையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாத்திரையும் இன்சுலினும் இருந்தும் 8, 9 என்று நின்றதுதான் "கட்டுக்குள் வராத" என்பதற்குச் சான்று. சர்க்கரை டாக்டரிடமே கடிதம் வாங்குங்கள். சர்ஜனின் சொல்லைவிட இந்த விஷயத்தில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். உடம்பில் குத்திய இன்சுலினின் பழைய பில்கள் மருந்துக்கடைக் கணினியில் இருக்கும், கேட்டால் அச்செடுத்துத் தருவார்கள்.

இரண்டாவது. "ஆறு மாதம் மருத்துவர் மேற்பார்வையில் டயட்" என்று சிலர் கேட்கிறார்கள். தரப்படுத்தப்பட்ட கோட் 06 வாசகத்தில் மாதக் கணக்கு இல்லை. உங்கள் பாலிசியில் இல்லாததைக் கேட்டால், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ஆனாலும் ஆதாரம் வேண்டும். டயட்டீஷியன் சீட்டு, எடை குறைப்புக்கு எழுதிய ஊசி, மாத்திரைச் சீட்டுகள், ஒவ்வொரு ஓபி விசிட்டிலும் குறித்த எடை இவற்றைத் திரட்டுங்கள். ஜிம் ரசீது துணைக்கு நிற்கும், தனியாக நிற்காது.

மூட்டுவலி, ரத்த அழுத்தம், பிசிஓடி, ஃபேட்டி லிவர் ஆகியவை உங்களை எவ்வளவு வாட்டினாலும் கோட் 06இன் பட்டியலில் இல்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்து, தூக்கப் பரிசோதனை எடுத்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ மூச்சுத் தடைபட்டிருந்தால் அது கடுமையான ஸ்லீப் ஆப்னியா. சர்க்கரை வாதம் தோற்றாலும் இது நிற்கும்.

பிஎம்ஐ 33. ஆபரேஷன் தேவை என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். இன்ஷூரன்ஸ் ஏன் மறுக்கிறது? – சென்னை வாசகர்

டாக்டர் சொல்வதும் சரி, நிறுவனம் மறுப்பதும் ஒப்பந்தப்படி சரி. 2022இல் சர்வதேச பேரியாட்ரிக் அமைப்புகள் வெளியிட்ட பரிந்துரை, ஆசியர்களுக்கு 27.5 பிஎம்ஐயிலிருந்தே இந்த அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. நம் உடல்வாகில் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதுதான் காரணம். கோட் 06 மட்டும் பழைய 35, 40 எல்லையிலேயே நிற்கிறது. இது மாற வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் மேல்முறையீட்டில் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத முடியாது. உங்கள் பாலிசியில் இதைவிடத் தாராளமான வாசகம் தனியாக இருந்தால் மட்டும் போராடுங்கள்.

மகளுக்கு 17 வயது, 118 கிலோ. விண்ணப்பிக்கலாமா? – திருச்சி வாசகி

18 நிறைவதற்கு முன் செய்தால் கோட் 06 தடுக்கும். காத்திருக்கலாமா என்பதைக் குழந்தையின் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். காத்திருப்பதானால், இன்றிலிருந்தே ஒவ்வொரு விசிட்டிலும் எடையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா? – சேலம் வாசகர்

முடியவில்லை. கேஷ்லெஸ் மறுப்பு வேறு, க்ளெய்ம் மறுப்பு வேறு. கையிலிருந்து கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை நாளில் அனுப்ப வேண்டும் என்பது பாலிசியில் இருக்கும். 15 அல்லது 30 நாள் என்பது சாதாரணம்.

ஆனால் இது அவசர ஆபரேஷன் அல்ல. தேதியைத் தள்ள முடியுமானால் தள்ளுங்கள் என்றுதான் சொல்வோம். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வழக்காடுவதைவிட, கேட்ட ஆவணத்தைக் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு படுப்பது எவ்வளவோ மேல். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை கூறுகிறது. அவசரத்தில் அரைகுறையாக அனுப்பினால் அந்த ஒரு மணி நேரத்தில் வருவது மறுப்புதான். இரண்டு மூன்று வாரம் முன்பே முழு கோப்பையும் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கொடுத்துவிடுங்கள்.

பாலிசி எடுத்து நாலு வருடம். ஏஜென்ட்தான் படிவம் நிரப்பினார். அதில் எடை 78 கிலோ என்று இருக்கிறதாம், அப்போது நான் 95. "உண்மையை மறைத்தீர்கள்" என்கிறார்கள். – தஞ்சாவூர் வாசகர்

இந்த வாரக் கேள்விகளில் கடினமானது இதுதான். முதலில் முன்மொழிவுப் படிவத்தின் (பாலிசி எடுக்கும்போது நிரப்பிய படிவம்) நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து உங்களுடையதா, ஓடிபி யார் போனுக்கு வந்தது என்று பாருங்கள். பாலிசி தருமுன் நிறுவனமே மெடிக்கல் டெஸ்ட் எடுத்ததா? எடுத்திருந்தால் அன்று உங்களை எடை பார்த்திருப்பார்கள். தன் கையில் இருந்த தகவலை மறைத்தார் என்று நிறுவனம் சொல்ல முடியாது. அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குவதுதான் உங்கள் முதல் வேலை.

டெஸ்ட் எடுக்கவில்லை, கையெழுத்தும் உங்களுடையது என்றால் நிலைமை பலவீனம்தான். தொடர்ந்து 60 மாதம் புதுப்பித்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, தகவல் மறைப்பு என்ற காரணத்தை எழுப்ப முடியாது. இந்தக் கெடு முன்பு எட்டு வருடமாக இருந்தது. 2024 ஏப்ரலில் ஐந்தாகக் குறைந்தது. உங்களுக்கு நாலுதான் ஆகியிருக்கிறது. ஆனால் வேறு நிறுவனத்திலிருந்து போர்ட் செய்து வந்திருந்தால் பழைய வருடங்களும் சேரும். அந்தப் பாலிசி நகல்களை வீடு முழுக்கத் தேடியாவது எடுங்கள்.

கம்பெனி குரூப் பாலிசி. ஹெச்ஆர் "டிபிஏ மறுத்துவிட்டது" என்று மெயில் மட்டும் அனுப்பினார். – ஓசூர் வாசகர்

டிபிஏ என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம். நிராகரிக்கும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் கடிதத்தைக் கேளுங்கள். எந்தப் பிரிவின்படி மறுப்பு என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். 2024 சுற்றறிக்கைப்படி, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த க்ளெய்மையும் மறுக்கக் கூடாது. அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்றும் கேளுங்கள். குரூப் பாலிசியில் காத்திருப்புக் காலத்தை நீக்கியிருப்பார்கள், சிலதில் பேரியாட்ரிக்குக்குத் தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஹெச்ஆரிடம் பாலிசி நகலும் எண்டார்ஸ்மென்டுகளும் (பாலிசியில் சேர்த்த திருத்தங்கள்) கேட்டு வாங்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

எடை 50 கிலோ குறைந்தது. வயிற்றுத் தோல் தொங்குகிறது. அதை எடுக்க க்ளெய்ம் கிடைக்குமா? – புதுச்சேரி வாசகி

அழகு சிகிச்சை என்று கோட் 08இல் மறுப்பார்கள். தோல் மடிப்பில் திரும்பத் திரும்ப வரும் புண், தொற்று போன்ற நேரடி உடல்நலக் கேடு இருந்து, சிகிச்சை தரும் டாக்டர் அவசியம் என்று சான்று தந்தால் அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. புண்ணின் தேதியிட்ட படங்களும், தோல் டாக்டரின் சீட்டுகளும் இல்லாமல் முயல வேண்டாம்.

நிறுவனத்துக்கு எழுதியும் பதில் இல்லை. அடுத்து எங்கே போவது? – திருநெல்வேலி வாசகர்

யாருக்கு எழுதினீர்கள் என்பது முக்கியம். கஸ்டமர் கேரில் பேசியது கணக்கில் வராது. பாலிசியில் குறிப்பிட்டுள்ள குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போயிருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் அல்லது 155255 எண்ணில் புகார் பதியுங்கள். அந்தப் புகாரும் அதே நிறுவனத்துக்குத்தான் போகும், ஆனால் ஐஆர்டிஏஐ கண்காணிப்பில் போகும்.

ஒரு மாதம் பதில் இல்லை அல்லது மறுபடி மறுப்பு என்றால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். தமிழகத்துக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலை 453, ஃபாத்திமா அக்தர் கோர்ட்டில் அலுவலகம் இருக்கிறது. ஆன்லைனிலும் மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பலர் நல்ல வழக்கை இழக்கிறார்கள். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆகவே இங்கே முதலில் வாருங்கள். தீர்ப்பு திருப்தி இல்லை என்றால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே கெடு இரண்டு வருடம், உங்கள் மாவட்டத்திலேயே போடலாம்.

விசாரணைக்குக் கோட் 06இன் நிபந்தனைகளை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஆவணத்தின் பக்க எண்ணை எழுதிக் கொண்டுபோங்கள். கேள்வி கேட்டதும் பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். சாதகமாகத் தீர்ப்பு வந்தால் 30 நாளில் நிறுவனம் நிறைவேற்றியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தீர்ப்பு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதியைக் கேட்டுக் குறித்துவையுங்கள், அன்றிலிருந்துதான் அந்தக் கணக்கு.