மடியில் ஏறிய கறுப்பு மீனை என்ன செய்வது?

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். தம்பி விசைப்படகில் தங்கு கடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கப் போகிறான். போன வாரம் ஆழத்தில் இறாலுக்கு மடி (இழுவலை) இழுத்தபோது, ஊசிப் பல்லோடு ஒரு கறுப்பு மீனும் கரப்பான் மாதிரி ஒரு சாண் நீளப் பூச்சியும் சேர்ந்து வந்தன. படம் அனுப்பியிருக்கிறேன். "இதெல்லாம் மேலே வந்தால் சுனாமி வரும், தூக்கிப் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு ஆயா. தம்பி குழம்பு வைத்துப் பார்க்கலாம் என்கிறான். இப்போதைக்கு பிரீசரில் வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: பிரீசரில் வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. குழம்பும் வேண்டாம், குப்பையும் வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எவர்சில்வர் தட்டில் கிடக்கும் அந்தக் கறுப்பு மீனின் கீழ்த்தாடைப் பற்கள் வாய்க்குள் அடங்காமல் கண் உயரத்துக்கு ஏறி நிற்கின்றன. வயிற்றோரம் தலையிலிருந்து வால் வரை வரிசையாகப் பொட்டு வைத்த மாதிரி புள்ளிகள். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் அது வைப்பர்ஃபிஷ் வகை மீன். பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும், இரவில் இரை தேடிக் கொஞ்சம் மேலே வரும். அந்தப் பொட்டுகள் எல்லாம் விளக்குகள். அந்த ஆழத்தில் மேலிருந்து வரும் வெளிச்சம் மங்கிப்போய் ஒரு நீலச் சாயலாகத்தான் இருக்கும். அடியிலிருந்து ஒரு பெரிய மீன் அண்ணாந்து பார்த்தால், மேலே போகிற மீன் கறுப்பு நிழலாகத் தெரிந்துவிடும். அதனால் இது தன் வயிற்று விளக்குகளை அந்த மங்கல் வெளிச்சத்தின் அளவுக்கே எரியவிடுகிறது. நிழல் மறைந்துவிடும். வெளிச்சத்தை வைத்தே ஒளிந்துகொள்கிற உயிர். இத்தனை வருஷம் இந்த மீன்களைப் பார்த்தும் எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

கூட வந்த பூச்சி, பூச்சியே இல்லை. இறால், நண்டு சாதியில் ஒன்று, பேதினோமஸ் என்று பெயர். மழைக்காலத்தில் பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஊர்ந்து போகுமே, அதற்கு ஆழ்கடலில் இருக்கும் பெரிய சொந்தம். திருப்பிப் போட்டு எண்ணிப் பாருங்கள், ஏழு ஜோடிக் கால்கள் இருக்கும். கால்களுக்கு நடுவே தகடு தகடாக ஒரு பை தெரிந்தால் அது பெண், முட்டையை அதில்தான் சுமக்கும். இறந்து அடியில் விழும் மீனையும் திமிங்கிலத்தையும் தின்று கடலடியைச் சுத்தம் செய்வது இதன் வேலை. இரை எப்போது விழும் என்று தெரியாத இடம் என்பதால் பட்டினி தாங்கும் உடம்பு. ஜப்பானில் டோபா நகரக் காட்சியகத்தில் இருந்த ஒன்று 2009 தொடக்கத்தில் சாப்பிட்டதோடு சரி, 2014இல் சாகும்வரை ஐந்து வருஷத்துக்கு மேல் எதையும் தின்னவில்லை. நம் வங்கக் கடலுக்கும் இது புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பல் இங்கிருந்து பிடித்துக் கொண்டுபோயிருக்கிறது.

சரி, சாப்பிடலாமா? வைப்பர்ஃபிஷில் சதையே கிடையாது. பேதினோமஸைச் சில நாடுகளில் சமைக்கிறார்கள், ஆனால் ஒரு குழம்புக்காக அதை இழக்க வேண்டாம் என்பேன். இந்த இரண்டையும் விட எனக்குப் பெரிய கவலை வேறொரு மீன். ஆழத்தில் சூறைக்கு (டூனா) தூண்டில் விடும்போது எண்ணெய் மீன் என்ற வகை மாட்டும். பழுப்பும் கறுப்புமான உடம்பு. ஒன்றுக்குத் தோல் முள் முள்ளாகக் கையைக் கிழிக்கும். இன்னொன்றுக்குப் பக்கவாட்டுக் கோடு அலை அலையாக வளைந்து போகும், வால் அடியில் தடித்த மேடு இருக்கும். வெட்டினால் வெள்ளைச் சதை, வஞ்சிரம் போல அழகாகத் துண்டு விழும், ருசியும் உண்டு. ஆனால் அந்தச் சதையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெழுகு மாதிரியான கொழுப்பு. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது. சாப்பிட்டவருக்கு அடக்க முடியாமல் ஆரஞ்சு நிற எண்ணெயாகக் கழியும், வயிறு வலிக்கும். வறுத்தாலும் பொரித்தாலும் போகாது. ஜப்பானும் இத்தாலியும் இதன் விற்பனையையே தடை செய்திருக்கின்றன. துண்டு போட்டு வந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். முழு மீனாகப் பார்க்காமல் ஏலத்தில் எடுக்காதீர்கள், தெரியாமல் எடுத்துவிட்டால் யாருக்கும் விற்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆழத்திலிருந்து இழுக்கும் கலவா போன்ற மீன்களில் சில, வாய் வழியே வயிறு பிதுங்கி, கண் தள்ளி வரும். அது நோய் அல்ல. பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். மேலே இழுக்கும்போது அது குறைந்து, உள்ளே இருக்கும் காற்றுப்பை உப்பி வயிற்றை வெளியே தள்ளிவிடுகிறது.

ஆயாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையில் இருந்தவர்களுக்குக் கடல் பற்றிய பயம் சும்மா வந்ததல்ல. ஆனால் இந்த நம்பிக்கையை ஜப்பானில் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். ஆழ்கடல் மீன்கள் கரையருகே வந்ததாக 1928 முதல் 2011 வரை பதிவான 336 சம்பவங்களை நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டு, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பொருந்தியது ஒன்றே ஒன்று. அதிலும் உங்கள் மீன் தானாக மேலே வரவில்லை, தம்பியின் மடி அதன் வீட்டுக்கே போய் எடுத்து வந்திருக்கிறது. சுனாமி எச்சரிக்கை தர ஹைதராபாத்தில் 2007 முதல் இரவும் பகலும் ஒரு மையம் இயங்குகிறது என்று ஆயாவிடம் சொல்லுங்கள்.

இனி அந்தப் பிரீசருக்கு வருவோம். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு மீன்பிடிப் படகின் குவியலுக்குள் நீல நிற மீன் ஒன்றைப் பார்த்தார் மார்ஜரி கோர்ட்னே லாட்டிமர் என்ற அருங்காட்சியகப் பெண். டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டதாக உலகமே நினைத்திருந்த சீலகாந்த் அது. படம் வரைந்து நிபுணருக்கு அனுப்பினார். ஆனால் அது கோடைக்காலம், குளிர்பதன வசதி கிடைக்கவில்லை. நிபுணர் வந்து சேர்வதற்குள் உள்ளுறுப்புகள் அழுகி, தோலை மட்டும் பாடம் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த சீலகாந்த் கிடைக்க 1952 ஆனது. அவருக்குக் கிடைக்காத ஐஸ், காசிமேட்டில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது.

அதனால் குடலை எடுக்காதீர்கள், செதிலைச் சுரண்டாதீர்கள், ஃபார்மலின் ஊற்றாதீர்கள். ஃபார்மலின் மரபணுச் சோதனையைக் கெடுத்துவிடும், ஆளுக்கும் ஆகாது. அடுத்த முறை படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். பிளாஸ்டிக் பையில் போடும்போது ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். கடல் குதிரை, கடல் அட்டை, திமிங்கிலச் சுறா போன்றவை விதிவிலக்கு. அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, உயிரோடு மாட்டினால் உடனே கடலில் விட்டுவிட வேண்டும்.

கொண்டுபோய்க் காட்ட சாந்தோம் நெடுஞ்சாலையில் இரண்டு இடங்கள் உண்டு: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சென்னை மையம், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம். போவதற்கு முன் தம்பியிடம் மூன்று விஷயம் கேட்டுச் சீட்டில் எழுதுங்கள்: எந்தத் தேதி, ஜிபிஎஸ்ஸில் எந்த இடம், மடி எத்தனை பாகத்தில் (ஆழத்தை அளக்கும் கணக்கு, ஒரு பாகம் சுமார் ஆறு அடி) இருந்தது. பாகக் கணக்கு அவருக்கு மனசில் இருக்கும். அடுத்த தங்கலுக்குக் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.