மறு: ஒரே ஃபேன், இரண்டு பேர்

தம்பி, ஃபேன் நேராக அடித்து விடிந்தால் கழுத்துப் பிடிக்கிறது, சொன்னால் அறைத்தோழன் "ஆம்பளைக்குக் குளிருமா" என்பான் என்று எழுதியிருந்தீர்கள். நானும் யாங்கோனில் இதே வீரம் காட்டியவன்தான். லுங்கியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு "எனக்கென்ன" என்று கிடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என் அறைக்காரனும் சுவரோரம் சுருண்டுதான் கிடந்தானாம்!

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, நம் வியர்வையை உலர்த்துகிறது. ஏப்ரல் புழுக்கத்தில் முன்னிரவுக்கு நேர்க்காற்று சரி. விடியற்காலையில் வியர்வை அடங்கியதும் அதே காற்று குத்தும். ஃபேனைக் கால்மாட்டில் வைத்து அதன் தலையை ஆடவிடுங்கள். படுக்கும்போதே வேகத்தை ஒன்றுக்குக் குறையுங்கள். நடுராத்திரி கரண்ட் போய் வந்தால் எழுந்து குறைக்க யாருக்கும் மனம் வராது.

"எனக்குக் குளிருது" என்று இன்றிரவு நீங்களே முதலில் சொல்லுங்கள். சிரிப்பான். சிரித்துவிட்டு, போர்வை இன்னொன்று இருக்கிறதா என்று கேட்பான்.